துணைக்கு ஒரு முகம்

2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோ காட்டிய மனித உருவ இயந்திரத்தின் பெயர் வியோமித்ரா. விண்வெளித் தோழி என்று பொருள். 2024 பிப்ரவரியில் ககன்யான் பயணத்துக்கு அறிவிக்கப்பட்ட நால்வரும் ஆண்கள். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்து எடுத்தார்கள், சரி. இயந்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லையே, அதற்கு ஏன் பெண் முகம்?

துணை என்றால் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய, மறதிநோய் வந்த முதியோரின் மடியில் கிடக்கும் பாரோ, ஒரு சீல் குட்டி. நாய், பூனை என்றால் பழகியவர்கள் ஒப்பிட்டுக் குறை காண்பார்கள் என்பதால் சீலைத் தேர்ந்தெடுத்தார். பெண்ணுருவம் என்றாலும் ஒப்பிடுவார்கள். ஆனால் குறை நம்மிடம்தான் காண்பார்கள்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டிலும் மாமியாருக்கு மறதிநோய். "மீனு வாங்கியாந்தியா?" என்று ஒரே காலையில் முப்பது முறை கேட்பார். காசிமேட்டில் வாங்கி, ஆய்ந்து, குழம்பு வைத்து ஊட்டிய பிறகும் கேட்பார். என் குரல் சற்று மாறினால், "பொம்பளைக்குப் பொறுமை வேணும்" என்பார் கணவர், செய்தித்தாளிலிருந்து தலை தூக்காமல். அவருடைய அம்மாதான். பொறுமை என்பது சலிக்கக்கூடியவர் சலிப்பை அடக்கிக்கொள்வது. இயந்திரத்துக்கு அடக்க எதுவுமில்லை.

பாரோ கிடைத்தால் தயங்காமல் மாமியார் மடியில் வைப்பேன். அந்த ஒரு மணி நேரம் மொட்டைமாடிக்குப் போய்ப் படுப்பேன். பெண் முகத்தோடு ஒன்று வந்தால் வேண்டாம். அதைக் காட்டித்தான் என்னிடம் பேசுவார்கள்.