“ஒப்புக்கொள்கிறேன்” என்பதும் வாக்குறுதியே

கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஏற்றும்போது நீண்டதோர் ஒப்பந்தம் திரையில் தோன்றுகிறது. அதன் கீழே “ஒப்புக்கொள்கிறேன்” என்றொரு பொத்தான். நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? படிக்காமலே அழுத்திவிடுகிறோம். படிக்காமல் கொடுத்தாலும் வாக்கு வாக்குதானே! உடன்படிக்கைகளை நிறைவேற்றும்படி முஃமின்களுக்கு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

“காசு கொடுத்து வாங்கினேன், நண்பருக்கும் ஒரு பிரதி கொடுத்தால் என்ன?” என்று சிலர் கேட்கிறார்கள். அரிசி வாங்கினால் அரிசி நமக்குச் சொந்தம். மென்பொருளில் நாம் பெறுவது பெரும்பாலும் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அதற்குப் பெயர்தான் உரிமம், அதாவது லைசென்ஸ். வாடகை வீட்டில் குடியிருக்கலாம். அதை விற்க முடியுமா?

உரிமங்களில் முக்கியமானவை மூன்று வகை.

முதலாவது, தனியுடைமை உரிமம். விண்டோஸ் இத்தகையது. இத்தனை கம்ப்யூட்டருக்கு என்று வரம்பு இருக்கும். உள்ளே எழுதப்பட்டுள்ள மூல நிரலைக் காட்டமாட்டார்கள்.

இரண்டாவது, தாராள உரிமம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி. என்பவை இவ்வகை. திருத்தலாம், விற்கலாம், ஆனால் எழுதியவரின் உரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது.

மூன்றாவது, 1989-ல் வெளியான ஜி.பி.எல். போன்றது. இதிலும் திருத்தலாம், விற்கலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும், நாம் பெற்ற அதே உரிமைகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பொதுவுக்கு விட்டதை ஒருவர் தனக்கென்று வளைத்துக்கொள்ள வழியில்லை. இது வக்ஃபு அல்ல. ஆயினும் வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை மதித்துப் பழகிய சமுதாயத்துக்கு இதன் நோக்கம் எளிதில் விளங்கும்.

ஆக, இலவசமாகக் கிடைப்பதற்கும் நிபந்தனை உண்டு.

“பிரதி எடுத்தால் உடையவரிடமிருந்து எதுவும் குறைவதில்லையே! அறிவைப் பூட்டி வைப்பது நியாயமா?” இது தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் இதே கேள்வியை எழுப்பியவர். அத்தகைய உரிம ஒப்பந்தத்தில் மனச்சாட்சிப்படி கையெழுத்திட முடியாது என்று 1983-ல் அவர் அறிவித்தார். யாவரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய வேறொரு மென்பொருள் தொகுதியை எழுதத் தொடங்கினார். ஜி.பி.எல்.லை வகுத்தவரும் அவரே. நிபந்தனை பிடிக்கவில்லையா, ஏற்காமல் விலகலாம். ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிவிட்டு மீறுவதுதான் தவறு.

1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. இந்திய நாட்டிலும் 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் கம்ப்யூட்டர் நிரல்கள் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன.

“ஏழை மாணவன் என்ன செய்வான்?” என்று கேட்கலாம். அவனுக்கும் ஹலாலான வழி திறந்தே இருக்கிறது. லினக்ஸ் இருக்கிறது, கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. பணமின்றிப் பெறலாம், நண்பருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். கள்ளப் பிரதிக்கு வறுமையைச் சாக்காகச் சொல்ல இடமில்லை.

பெற்றோர்களே! பிள்ளைகள் கிராஅத் கேட்கும் அதே கம்ப்யூட்டரில் கள்ளப் பிரதியும் இருக்கலாமா? இன்றே பாருங்கள். உரிமம் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்; இல்லாததை நீக்கி, அனுமதிக்கப்பட்டதைக் கொண்டுவாருங்கள். யாரும் பார்க்காத இடத்திலும் வாக்கைக் காக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கட்டும். அதற்கு வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக!