‘அறியோம்’ என்னும் விடை

2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், டாக்கா நகரையடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் வெடிப்புக்கள் தோன்றின. அங்கிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மறுநாட் காலையில், மேல்மாடிகளிலிருந்த ஐந்து ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர் மட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். கட்டடம் இடிந்து வீழ்ந்தது. மாண்டோர் 1,100-க்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் பெண்கள்.

இடிபாடுகளிடையே மேனாட்டு நிறுவனங்களின் பெயர் பொறித்த துணிப்பட்டிகள் கிடந்தன. எனினும், தமது அனுமதியுடன் அங்கே எதுவும் தைக்கப்படவில்லை என்று கூறிய நிறுவனங்களும் உண்டு.

அறியாமை ஒருவனைக் குற்றத்தினின்றும் விடுவிக்குமா? துணியின் தரம், தையலின் நெருக்கம், ஒப்படைக்கும் நாள், விலையின் கடைசிச் சதம் ஆகிய அனைத்தையும் அறிந்தவர்கள், தைத்த கையை மட்டும் அறிந்திலர். இவ்வறியாமை தானே விளைந்ததன்று. ஒப்பந்தம், உப ஒப்பந்தம், தரகர் எனப் படிப்படியாக அமைக்கப்பட்டது. அந்தப் படிகளில் இலாபம் மேலே ஏறுகிறது. பழி கீழே இறங்குகிறது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் உண்மையை அறிந்திலன். இடைநின்ற பொற்கொல்லனின் சொல்லை நம்பினான். வாளை வீசியவனும் வேறொருவன். ஆயினும் சிலம்பு உடைந்தபோது அவன் பழியைப் பொற்கொல்லன்மீது சுமத்தித் தப்ப முயலவில்லை. மன்னராட்சியைப் போற்றுதற்காக இதனைக் கூறவில்லை. ஆராயக் கடமைப்பட்டவன் ஆராயாதிருத்தலே குற்றம் என்னும் அறம் நமக்குப் புதிதன்று என்பதற்காகவே கூறுகிறேன்.

அவ்வாறாயின், எல்லாவற்றையும் வெளிப்படுத்திவிட்டாற் போதுமா? அக்கட்டடத்துத் தொழிற்சாலைகளுட் சில, முன்னரே தணிக்கைக்கு உட்பட்டவை. வெடிப்பையோ யாவரும் கண்டனர். தொழிலாளரும் கண்டு அஞ்சினர். ஆனால் அவர்களின் அச்சத்தை மறுப்பாக மாற்றவல்ல தொழிற்சங்கம் அங்கே இருக்கவில்லை. கூலியை இழக்க இயலாத வறுமையே அவர்களைப் படியேற்றியது.

2013 மே மாதத்தில் உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் செய்த உடன்படிக்கை இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்திருந்தது. அது சட்டத்தாற் கட்டுப்படுத்துவது. பரிசோதனை அறிக்கைகளைப் பகிரங்கமாக்கியதோடு, ஆபத்தான இடத்தில் வேலைசெய்ய மறுக்கும் உரிமையையும் அது ஏற்றது. பேரழிவின் பின்னரே அது பிறந்தது என்பது நமது காலத்தின் வெட்கம்.

1978-இல் கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயத்தைத் திறந்த நாட்டினர் நாம். ஆடை தைப்போரின் கதை நமக்கு அயலார் கதையன்று. தைத்தவர் யார் என்று கேட்கும் நாம், அடுத்த கேள்வியையும் கேட்கவேண்டும்: ‘உள்ளே போகமாட்டோம்’ என்று சொல்லும் வலிமை அவருக்கு உண்டா?