காவலனும் எசமானனும்

கிரேக்க ஞானி பிளேட்டோ, தமது இலட்சிய அரசின் காவலருக்குச் சொந்தச் சொத்து ஆகாதென விதித்தார். நிலமும் பொன்னும் கைவரப்பெறின் அவர்கள் மக்களின் துணைவர் என்னும் நிலையினின்று எசமானராக மாறிவிடுவர் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் வெறுங் கற்பனையன்று என்பதற்கு ஈரானின் புரட்சிக் காவற்படை சான்றாகும்.

1979ஆம் ஆண்டுப் புரட்சியை அடுத்து இப்படை தோன்றியது. நாட்டின் சுதந்திரத்தையும் எல்லையையும் காப்பது இராணுவத்தின் கடன். புரட்சியைக் காப்பது இப்படையின் கடன் என அரசியலமைப்பு வகுத்தது. நாட்டுக்கு எல்லை உண்டு. புரட்சிக்கு எல்லை ஏது? 1982இல் இப்படையினர் லெபனான் சென்றனர். 1988இல் ஈராக்குடனான போர் ஓய்ந்தபின் அணையும் வீதியும் அமைக்கும் ஒப்பந்தக்காரராயினர். 1999இல் மாணவர் கிளர்ச்சியின்போது தளபதிகள் 24 பேர், மக்கள் தெரிந்தெடுத்த ஜனாதிபதி கத்தாமிக்குத் தமது பொறுமை எல்லையை எட்டிவிட்டதென எச்சரித்துக் கடிதம் எழுதினர். 2011இன் பின் சிரிய அரசைக் காக்கப் போரிட்டனர். அவ்வரசு 2024இல் வீழ்ந்தது.

ஈராக்குடனான எட்டாண்டுப் போரில் இவர்கள் செய்த உயிர்த்தியாகம் மறுக்கற்பாலதன்று. ஆயின், தியாகம் நன்றிக்கு உரித்தாகுமேயன்றி ஆட்சிக்கு உரித்தாகாது. ஆபத்தினாலே செல்வமும் செல்வாக்கும் பெறும் காவலன், ஆபத்து நீங்குவதை மனமார விரும்புவானோ? இவ்வினாவைக் காவலனிடம் கேட்க அஞ்சும் சமுதாயம், காவலை இழந்து அச்சத்தை மட்டுமே பெற்றதாகும்.