காணாததைக் கணித்தல்

கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை, அதன் விளைவைக் கொண்டு உண்டெனத் துணியலாமா? துணிந்தபின் அதில் எவ்வளவு உறுதி கொள்ளலாம்? வானியல் வரலாறு இவ்வினாவுக்கு இருவகை விடை தருகின்றது.

பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. கோள்கள் கதிரவனைச் சுற்றிவருவது இவ்வீர்ப்பினாலேயே. அவை தமக்குள்ளும் ஈர்ப்பதால் அவற்றின் பாதைகள் சிறிது பிறழ்கின்றன. 1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்த யுரேனஸ், கணித்த வழியினின்று சற்றே விலகிச் சென்றது. அப்பாலுள்ள வேறொரு கோளின் ஈர்ப்பே காரணம் எனக் கருதிய பிரெஞ்சு அறிஞர் லெவெரியே, அக்கோள் இருக்கவேண்டிய இடத்தையும் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வுக்கூடத்தில் காலே என்பார் தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திலிருந்து 1 பாகைக்குள்ளேயே நெப்டியூன் தென்பட்டது.

புதன் கோளின் நீள்வட்டப் பாதையும் மெல்லத் திரும்பி வருகின்றது. அத்திருப்பம் நூறாண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை கணக்குக்கு மிகுந்திருந்தது. ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கே. இதற்கும் காணாத ஒரு கோளே காரணமாகலாம் என லெவெரியே 1859இல் கூறினார். அதற்கு வல்கன் என்று பெயரும் வழங்கலாயிற்று. பல்லாண்டு தேடியும் அது கிட்டவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்புக் கொள்கையையே புதிதாக வகுத்தபோது, அந்த 43 விகலைக்கும் விடை கிடைத்தது. குறை வானில் இல்லை. அளந்த விதியில் இருந்தது.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், நாள்தோறும் காலந்தாழ்த்தி வந்த மாணவி ஒருத்தியைச் சோம்பலுடையவள் எனத் தீர்மானித்து, வகுப்புக்கு வெளியே நிற்கச் செய்தோம். நோயுற்ற தாய்க்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு, நெடுந்தொலைவு நடந்து வந்தாள் அவள் என்பது ஆண்டிறுதியில்தான் தெரிந்தது. முன்பு வேறொரு பெண்ணைப்பற்றி நாம் கணித்தது சரியாக இருந்தது. அந்த வெற்றியே நம் கண்ணை மறைத்தது.

ஊகித்தல் குற்றமன்று, ஊகியாமல் வாழ்தலும் இயலாது. ஆயினும் வானியலார் ஊகித்தபின் தேடிப் பார்த்தனர். நாமோ ஊகித்தவுடனே தண்டனை விதித்தோம். பொருளைப் பல கோணங்களில் நோக்குக என்னும் அநேகாந்தத்தை ஏட்டிலே கற்றிருந்த நாம், அச்சிறுமியிடம் ஒரே ஒரு கேள்வியேனும் கேட்டிருக்கலாம்.