மன்னித்தது அப்பா

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்பாவின் நீளமான ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். அதில் மன்னிப்பு கேட்கும் இடத்தில் மத்தேயு எழுதியிருப்பது கடன் என்ற சொல். லூக்கா பாவம் என்கிறார். எங்கள் வீட்டில் கடன்தான் பொருத்தம்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது சித்தப்பா அப்பாவிடம் வாங்கிய பணம் திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு அசனத்தன்று அப்பா பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "விட்டுட்டேன்டா, நீ ஒண்ணும் தர வேண்டாம்" என்றார். சித்தப்பா அழுதார். அடுத்த ஞாயிறு ஐயர் (எங்கள் ஊரில் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் இதைச் சேர்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணமாகி வந்த என் மனைவி ஒருநாள், "அத்தைக்கு ஏன் நகையே இல்ல?" என்று கேட்டாள். சித்தப்பாவுக்குக் கொடுக்க அடகு வைத்த 11 பவுன், மீட்க முடியாமல் ஏலத்தில் போனது. இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தப் பந்தியையும் இந்த நகையையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

மத்தேயு 18இல் ராஜா 10,000 தாலந்து கடனை மன்னிக்கிறார். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள், அதாவது 1,64,000 வருஷத்துக்கு மேல். மன்னிப்பு பெற்றவன் வெளியே போய் 100 வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் இதைச் சில்லறை என்பார்கள். சில்லறை இல்லை, 100 நாள் கூலி. மூணு மாச சம்பளத்தை யார் சும்மா விடுவார்கள்? மன்னித்தால் வலிக்கும் என்று தெரிந்தே இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார், அதனால்தான் எனக்கு இது பிடிக்கும். ஆனால் ராஜா விட்டுக்கொடுத்தது தன் கஜானாவை. அதே கதையில் 25ஆம் வசனத்தில், கடனுக்கு ஈடாகக் கடன்காரனின் மனைவியையும் விற்கச் சொல்கிறார்கள். அவள் கதை முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை.

கணவனும் மனைவியும் ஒரே மாம்சம், நகை இருவருக்கும் பொது என்று அப்பா சொல்லக்கூடும். அப்படியென்றால் மன்னிப்பும் பொதுதானே?

போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு சுடும்போது அம்மாவிடம் கேட்டேன். "கேட்டிருந்தா நானும் விட்டிருப்பேன் எய்யா. சித்தப்பா பிள்ளைகளும் நம்ம பிள்ளைகதான். ஆனா கேட்டிருக்கணும்லா" என்றார். அப்பாவிடம் சொல்லவா என்றதற்கு, "இப்பம் எதுக்கு, எண்ணெ காயுது பாரு."

என்னிடம் 80,000 ரூபாய் வாங்கிய நண்பன் ஒருவன் இருக்கிறான். விட்டுவிடலாம் என்று மனசுக்குள் தாராளமாக முடிவு செய்திருந்தேன். ஊரிலிருந்து திரும்பியதும் மனைவியிடம் கேட்டேன். "வேண்டாம், கேட்டு வாங்குங்க. ஜூன்ல பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு" என்றாள். அவனுக்கு வாட்ஸப்பில் மெசேஜ் அடித்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.