கூட்டம் நகர்ந்த பிறகு

ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்களின் வாழ்க்கையில் என்னை உறுத்திக்கொண்டே இருப்பது அவருடைய கடைசி சில ஆண்டுகள்தான். அதற்கு முந்தைய காலம் முழுக்கப் புகழ். மதீனாவின் கஸ்ரஜ் குலத்துக்குத் தலைவர். பசித்தவர்களைக் கூவி அழைத்துச் சோறு போடுவது பாட்டனார் காலத்திலிருந்தே அந்த வீட்டு வழக்கம். நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்த பிறகு நாள் தவறாமல் இவர் வீட்டிலிருந்து பெரிய தட்டில் உணவு போகும். பள்ளிவாசல் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்களில் எண்பது பேர் வரை ஒரே இரவில் விருந்துக்கு அழைத்துப் போவார் என்றும் சொல்வார்கள்.

வெறும் கொடையாளி மட்டுமல்லர். 622இல் மக்காவுக்கு அருகிலுள்ள அகபாவில் நபிகளுக்கு உறுதிமொழி தந்துவிட்டுத் திரும்பும்போது, நபிகளை எதிர்த்த குறைஷிக் குலத்தாரிடம் சிக்கினார். கைகளைக் கழுத்தோடு கட்டி, தலைமுடியைப் பிடித்து மக்காவுக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். முன்பு இவர் மதீனாவில் பாதுகாப்புக் கொடுத்திருந்த மக்கா வணிகர் இருவர் வந்துதான் விடுவித்தார்கள்.

630இல் மக்கா வெற்றியின்போது அன்ஸார்களின், அதாவது நபிகளுக்குத் துணைநின்ற மதீனாவாசிகளின், கொடி இவர் கையில் இருந்தது. இன்று பழிதீர்க்கும் நாள் என்கிற தொனியில் ஏதோ சொல்லிவிட்டார். நபிகளின் காதுக்கு எட்டியது. கொடி இவர் கையிலிருந்து இவருடைய மகன் கைஸின் கைக்கு மாறியது. தலைவரைக் கண்டித்தாயிற்று, அவர் குடும்பத்துக்குத் தலைகுனிவும் இல்லை. இப்படியொரு நளினம் ஆட்சியாளர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

அதே ஆண்டு ஹுனைன் போருக்குப் பிறகு, ஜிஃரானாவில் போர்ப்பொருள் பங்கிடப்பட்டது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்த குறைஷித் தலைவர்களுக்கு நூறு நூறு ஒட்டகங்கள். அன்ஸார்களுக்கு ஒன்றுமில்லை. முணுமுணுப்பு எழுந்தது. அதை நபிகளிடம் நேரில் போய்ச் சொன்னவர் ஸஅத். உமது நிலை என்ன என்று நபிகள் கேட்க, தம் மக்களில் தாமும் ஒருவர், அவ்வளவுதான் என்றார். மழுப்பவில்லை; அவர்களைக் காட்டிக்கொடுத்துத் தாம் நல்ல பெயர் வாங்கவும் பார்க்கவில்லை. பிறகு நபிகள் அன்ஸார்களை அழைத்துப் பேசியதும், அவர்கள் தாடி நனைய அழுததும் பலருக்கும் தெரிந்த கதை.

இரண்டே ஆண்டுகள். 632இல் நபிகள் மறைந்த அன்று பனூ ஸாயிதாவின் கூடத்தில் அன்ஸார்கள் கூடினார்கள். நோயில் கிடந்த ஸஅதைத் துணி போர்த்தி அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்கள். அவரைத் தலைவராக்குவது ஏறக்குறைய முடிவாகிவிட்டிருந்தது. அப்போது குறைஷித் தோழர்களான அபூபக்ர், உமர், அபூஉபைதா (ரலி) மூவரும் வந்து சேர்ந்தார்கள். அரபுக் குலங்கள் குறைஷிகளைத் தவிர வேறு யாரையும் ஏற்காது என்றார் அபூபக்ர். அன்ஸார்களின் மற்றொரு குலமான அவ்ஸ் குலத்தாருக்கோ கஸ்ரஜ் தலைமையில் தயக்கம். இரு குலமும் மோதிக்கொண்ட புஆஸ் போரில் வாள் பிடித்த கைகள் அந்தக் கூடத்திலேயே இருந்தன. ஸஅதின் சொந்தக் குலத்திலிருந்தே பஷீர் பின் ஸஅத் முந்திக்கொண்டு எழுந்து அபூபக்ரைத் தலைவராக ஏற்று பைஅத் (உறுதிமொழி) செய்தார். பிறகு எல்லோரும் முண்டியடித்தார்கள். நெரிசலில் நோயாளி மிதிபடப் பார்த்தார்.

மக்களில் ஒருவர் என்று சொன்னவரை விட்டு மக்கள் நகர்ந்துவிட்டார்கள். அப்போது என்ன செய்வது? தம் பழைய சொல்லின்படி அவரும் நகர்ந்திருக்க வேண்டாமா? பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்வது, அவர் பைஅத் செய்யவில்லை என்பதே. வாளும் எடுக்கவில்லை. அபூபக்ருக்குப் பின் வந்த உமரின் ஆட்சியில் சிரியாவின் ஹவ்ரான் பகுதிக்குப் போய் அங்கேயே இறந்தார். இது வீம்பு என்போர் உண்டு. நான் பார்த்த ஜமாஅத் தேர்தல்களில் தோற்றவர் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பள்ளிவாசலுக்குத் தொழப் போவதோடு நிற்பதில்லை, நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போவார். ஸஅத் யாரையும் கூட்டவில்லை. வாழ்நாளெல்லாம் சோறு போட்ட கைக்கு ஆள் திரட்டுவது பெரிய காரியமா? மக்களின் முடிவை அவர் தடுக்கவில்லை, தம் சம்மதத்தையும் அதில் சேர்க்கவில்லை. மக்களில் ஒருவராக இருப்பதற்கு இதுவும் ஒரு வழி என்றே நான் நினைக்கிறேன்.

அவரை வற்புறுத்த வேண்டும் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. வேண்டாம் என்று தடுத்தவர் பஷீர், அன்று முந்திக்கொண்டு எழுந்த அதே பஷீர். தபரீ அதைப் பதிவு செய்திருக்கிறார்: கொன்றாலும் ஸஅத் பணியமாட்டார், அவரைக் கொல்வதானால் அவர் பிள்ளைகளையும் வீட்டாரையும் குலத்தில் ஒரு கூட்டத்தையும் சேர்த்தே கொல்ல வேண்டியிருக்கும், விட்டுவிடுங்கள், அவர் ஒற்றை ஆள்தானே என்பது பஷீரின் வாதம். அபூபக்ர் விட்டுவிட்டார்.