கட்ட மறுப்பவனும் கட்ட முடியாதவனும்

சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நன்று! ஆனால் அபராதம் என்னும் தண்டனையை அந்தச் சமத்துவத் தராசில் சற்றே வைத்துப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் அபராதம்! ஆலை முதலாளிக்கு அது ஒருவேளை விருந்தின் செலவு. அன்றாடக் கூலிக்கோ, குடும்பத்தின் பல வேளை உணவு. தொகை ஒன்று, தண்டனையும் ஒன்றா? நூற்றில் ஒரு பங்கும் பாதிப் பங்கும் சமம் என்று எழுதும் மாணவனுக்கு, கணக்குக் கற்பிக்கும் நாம் மதிப்பெண் தருவோமா?

கட்டாவிட்டால் என்ன நேரும்? சிறை என்று 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் விடை வகுத்தது. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றமாயினும், 50 ரூபாய் வரை கட்டாதவனுக்கு இரண்டு மாதம் வரை, 100 ரூபாய் வரை கட்டாதவனுக்கு நான்கு மாதம் வரை, அதற்கும் மேற்பட்டால் ஆறு மாதம் வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அந்தத் தொகைகளை 5,000 என்றும் 10,000 என்றும் உயர்த்திற்று. அதற்கு மேற்பட்ட தொகைக்குச் சிறை வரம்பை ஓராண்டாக நீட்டிற்று. தொகை மாறிற்று, கருத்து மாறவில்லை.

அந்தக் கருத்தைத்தான் நாம் உரைத்துப் பார்க்க வேண்டும். இந்தக் குற்றத்துக்குச் சிறை வேண்டாம், பணம் போதும் என்று சட்டமே சொல்லிவிட்டது. பிறகு ஏழை சிறைக்குப் போவது எதற்காக? செய்த குற்றத்துக்காக அல்ல. கையில் காசு இல்லாத குற்றத்துக்காக!

"கட்டாதவனை விட்டுவிட்டால் சட்டத்தை எவன் மதிப்பான்?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் கட்டாதவர் ஒரே வகையினர் அல்லர். போரில் சேர மறுத்துத் தண்டிக்கப்பட்ட ஒருவருக்காகத் துண்டறிக்கை எழுதிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்கு, 1916இல் இங்கிலாந்தில் 100 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. அறிஞர் கட்ட மறுத்தார். சிறை செல்லவும் ஆயத்தமாக இருந்தார். சிறைக் கதவு திறக்கவில்லை. அவருடைய நூல்கள் ஏலத்துக்கு வந்தன, நண்பர்கள் வாங்கி மீட்டனர். உடைமை உள்ளவனிடம் சட்டம் உடைமையை எடுக்கிறது; இல்லாதவனிடம் உடலையே எடுக்கிறது. மறுப்பவனை மடக்க ஜப்தி இருக்கிறது. முடியாதவனைச் சிறையிலடைத்து அரசு வசூலிப்பது என்ன?

வழி இல்லாமல் இல்லை. பின்லாந்து 1921இலேயே நாள் அபராத முறையைக் கொண்டுவந்தது. குற்றத்தின் கடுமை நாள்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும். குற்றவாளியின் வருவாய் ஒரு நாளுக்கான தொகையைத் தீர்மானிக்கும். அபராதம் கட்டாதவரின் நன்னடத்தை விடுதலையை நீக்கிச் சிறைக்கு அனுப்புமுன், அவர் வேண்டுமென்றே மறுத்தாரா, முயன்றும் முடியாமற் போயிற்றா என்று விசாரித்தாக வேண்டும் என 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் ஒரு சிறு வாயில் உண்டு. அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டு, உடனே கட்ட இயலாதவனுக்கு, பிணைப் பத்திரம் பெற்று 30 நாள் தவணையோ, இரண்டு மூன்று தவணைகளோ நீதிமன்றம் தரலாம். சிறை சென்ற பின்னும் ஒரு பகுதி கட்டினால், அதற்கேற்பச் சிறைநாள் குறையும். ஆனால் அஞ்சி ஒளிந்தால் அபராதம் கரைந்துவிடாது; ஆறாண்டு வரை அது துரத்தும். இறந்தாலும் அவன் விட்டுச் சென்ற சொத்தை விடாது.

இதை அறியாத ஏழைகள் எத்தனை பேர்! தோழர்களே, நீதிமன்றத் தாழ்வாரத்தில் திகைத்து நிற்பவனிடம் சொல்லுங்கள்: "ஓடாதே, தவணை கேள்!" அத்துடன் நம் கடமை முடியாது. "தரலாம்" என்னும் சட்டச் சொல் "தர வேண்டும்" என்று மாறும்வரை, "ஏன் கட்டவில்லை?" என்று கேளாமல் எவனையும் சிறைக்கு அனுப்பலாகாது என்று எழுதப்படும்வரை, நாம் வாதாட வேண்டும். வறுமை குற்றமன்று. குற்றமல்லாததற்குச் சிறை என்பது நீதியுமன்று!